விசைப்படகில் டீசல் ஜெனரேட்டரைப் பாதுகாப்பாகப் பொருத்துதல்: முழுமையான வழிகாட்டி

பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கும் விசைப்படகு ஒன்றில், கடல்நீரால் குளிரும் 5 கே.வி.ஏ. டீசல் ஜெனரேட்டரை எந்த வரிசையில் பொருத்த வேண்டும் என்பதையும், ஒவ்வொரு படியும் எதற்காக என்பதையும் இங்கே எழுதுகிறேன். மரப்படகு, ஃபைபர் படகு, இரும்புப் படகு மூன்றுக்கும் இந்த வரிசை பொருந்தும். வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் ஏறத்தாழ எல்லோரும் எந்திரத்தை முதலில் எஞ்சின் அறைக்குள் இறக்கி, போல்ட் முடுக்கி உட்கார வைத்துவிட்டு, புகை எந்த வழியாகப் போகும், தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று அதன் பிறகே யோசிக்கிறார்கள். அப்போது புகைக்குழாய் வளைய இடம் இருக்காது, தண்ணீர்க் குழாய் தேவையான உயரத்துக்கு ஏறாது, இருக்கிற இடத்துக்குள் எதையாவது மடக்கித் திணிக்க வேண்டியதாகிவிடும். ஆகவே புகை வழியையும் நீர் வழியையும் முதலில் வரைந்து முடியுங்கள். எந்திரம் எங்கே உட்கார வேண்டும் என்பதை அந்த இரண்டு வழிகளும் சொல்லிவிடும்.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. ஜெனரேட்டரின் பெரிய ஆபத்துகள், ஆட்கள் விழித்திருந்து எந்திரத்தைக் கவனிக்கும் நேரத்தில் வருவது குறைவு. புகை கொல்வது தூங்கும்போது. கடல்நீர் எஞ்சினுக்குள் ஏறுவது எந்திரம் நின்றிருக்கும்போது. மின்சாரம் தாக்குவது, மின்சாரம் இல்லை என்று நம்பி வயரைத் தொடும்போது.

1. தொடங்குவதற்கு முன்

படகைக் கரையேற்றாமல் இந்த வேலையை முழுமையாகச் செய்ய முடியாது, ஏனென்றால் நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு துளையாவது போட வேண்டியிருக்கும். தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலமே இதற்கு ஏற்ற நேரம். தடைக்காலத்தின் கடைசி வாரத்தில் தொடங்காதீர்கள். சோதனை ஓட்டத்துக்கு மட்டும் நான்கு நாள் ஒதுக்க வேண்டும், அவசரத்தில் முதலில் கைவிடப்படுவதும் அந்தச் சோதனையாகவே இருக்கும்.

கரையேற்றுவதற்கு முன் ஓர் அளவை எடுத்தாக வேண்டும். டீசல், தண்ணீர், பனிக்கட்டி, வலை, ஆட்கள் என எல்லாம் ஏறிக் கடலுக்குப் புறப்படும் நிலையில் படகின் நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்று வெளிப்பக்கத்தில் பெயிண்டால் கோடு போட்டு, அதே கோட்டை எஞ்சின் அறையின் உட்சுவருக்கும் மாற்றிக்கொள்ளுங்கள். வெறும் படகு துறைமுகத்தில் மிதக்கும் மட்டத்தை வைத்துக் கணக்கிட்டவர்கள், சுமையேறியதும் படகு ஒரு சாணுக்கு மேல் தாழ்வதைப் பிறகுதான் உணர்கிறார்கள். இனி வரும் உயரங்கள் எல்லாமே இந்தச் சுமைக்கோட்டிலிருந்து அளக்கப்படுபவை.

மல்டிமீட்டர், கிளாம்ப் மீட்டர், வயரின் காப்பு சரியாக இருக்கிறதா என்று அளக்கும் மெகர், கேபிள் முனையில் லக் எனும் உலோகமுனையை அழுத்திப் பொருத்தும் நல்ல கிரிம்பிங் கருவி, 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிளாம்புகள், ஜெனரேட்டரோடு வந்த கையேடு ஆகியவை கையில் இருக்கட்டும். கையேட்டிலுள்ள அளவும் இங்கே நான் தரும் அளவும் மாறுபட்டால் கையேட்டையே பின்பற்றுங்கள்.

பெட்ரோலில் ஓடும், கையில் தூக்கிச் செல்லும் ஜெனரேட்டரைப் படகின் உள்ளறைகளில் வைக்கும் பழக்கத்தை இந்த வழிகாட்டி ஏற்கவில்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது படகின் அடித்தளத்தில் இறங்கித் தேங்கி, ஒரு சுவிட்சின் தீப்பொறிக்காகக் காத்திருக்கும். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடும் டீசல் புகையில் இருப்பதைவிட மிக அதிகம்.

மீனை ஈர்ப்பதற்காக உயர்சக்தி விளக்கு எரிக்கும் நோக்கத்தில் ஜெனரேட்டர் வாங்குபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியாவின் தனிப் பொருளாதாரக் கடல் மண்டலத்தில் விசைப்படகுகள் அத்தகைய விளக்குகளைக் கொண்டு மீன்பிடிப்பதை மத்திய அரசு 2017 நவம்பரில் தடை செய்துவிட்டது. இங்கே நான் எழுதுவது குளிர்பெட்டி, பேட்டரி சார்ஜர், பம்ப், தங்குமிட விளக்கு ஆகியவற்றுக்கான மின்சாரம் பற்றி மட்டுமே.

2. சுமைக் கணக்கு

எந்தெந்தக் கருவி எத்தனை வாட் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஓர் உதாரணம்: விளக்குகள் 600, குளிர்பெட்டி 400, பேட்டரி சார்ஜர் 800, ஒரு குதிரைத்திறன் நீர் பம்ப் ஏறத்தாழ 1,000, மின்விசிறி முதலியன 200, மொத்தம் 3,000 வாட். 5 கே.வி.ஏ. எந்திரம் 0.8 பவர் ஃபாக்டரில் (கே.வி.ஏ.யில் உண்மையில் வேலைக்கு ஆகும் பங்கு) 4,000 வாட் தரும் என்பதால், எல்லாம் சேர்ந்து ஓடினாலும் 75 விழுக்காட்டுச் சுமைதான்.

மோட்டார் ஓடத் தொடங்கும் நொடியில், அது ஓடும்போது இழுக்கும் மின்னோட்டத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு வரை இழுக்கும். எனவே பம்பை முதலில் போட்டுவிட்டு மற்றவற்றை அதன் பிறகு போடும் ஒழுங்கை ஆட்களுக்குப் பழக்க வேண்டும்.

“பெரியதாகவே வாங்கிவிடலாம்” என்று 10 கே.வி.ஏ. வாங்குவது தவறு. டீசல் எஞ்சின் நீண்ட நேரம் 30 விழுக்காட்டுக்கும் குறைவான சுமையில் ஓடினால் சிலிண்டர் போதிய சூடேறாமல், எரியாத டீசலும் கரியும் புகைக்குழாயில் படியும். சிலிண்டர் சுவர் வழவழப்பாகி ஆயில் குடிக்கத் தொடங்கும். மேலே சொன்ன உதாரணத்தில் இரவில் விளக்கும் குளிர்பெட்டியும் மட்டும் ஓடினால் 5 கே.வி.ஏ. எந்திரத்துக்கே 25 விழுக்காட்டுச் சுமைதான் வருகிறது. அதனால் பேட்டரி சார்ஜரை இரவுக்குத் தள்ளி வைப்பது நல்லது.

நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் எந்திரம் மலிவானது, எடையும் குறைவு. பல மணி நேரம் தொடர்ந்து ஓட வேண்டிய படகுக்கு 1,500 சுற்று எந்திரமே தாங்கும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

3. புகை வழி

புகை வெளியேறும் துளையை எங்கே வைப்பது என்பதே முதல் முடிவு. அணியத்தில், அதாவது முன்பகுதியில், நங்கூரம் போட்ட படகு பெரும்பாலும் காற்றை எதிர்நோக்கி நிற்கும். புகை பின்பக்கமாகப் போகும். ஆகவே துளை தங்கும் அறைக்குப் பின்னால், சுமைக்கோட்டுக்கு மேலே, படகின் பின்பகுதிப் பக்கவாட்டில் இருக்க வேண்டும். அறையின் சன்னல், காற்றுத்துளை, எஞ்சின் அறைக்குக் காற்று இழுக்கும் வாய் ஆகிய எதற்கும் அருகில் வைக்கக் கூடாது.

துறைமுகத்தில் படகுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டப்படுவதையும் இங்கே நினைவில் கொள்ளுங்கள். உங்கள் படகின் நடுப்பக்கத்திலிருந்து வரும் புகை, அடுத்த படகில் தூங்குபவரின் அறைக்குள் நேராக நுழையும்.

அடுத்தது குழாயின் வரிசை. எஞ்சினிலிருந்து வெளிவரும் சூடான புகையோடு, வேலை முடித்த கடல்நீர் எல்போ எனும் வளைகுழாய்த் துண்டில் கலக்கிறது. அங்கிருந்து புகையும் நீரும் சேர்ந்து வாட்டர்லாக் எனப்படும் தொட்டி போன்ற சைலன்சருக்குள் இறங்கி, அதிலிருந்து மேலேறி வெளியேறுகின்றன. எல்போவிலிருந்து வாட்டர்லாக் வரை குழாய் தொடர்ந்து கீழ்நோக்கியே சரிய வேண்டும். வாட்டர்லாக்கிலிருந்து மேலேறிய குழாய், சுமைக்கோட்டுக்கு மேல் ஓர் உச்சியைத் தொட்டபின் வெளித்துளை வரை 300 மி.மீ. நீளத்துக்கு 12 மி.மீ. வீதமாவது இறங்கி வர வேண்டும். நடுவே தொய்வு இருந்தால் அங்கே நீர் தேங்கிப் புகையை எதிர்த்து நிற்கும். எஞ்சின் மூச்சுத் திணறும்.

எந்திரத்தை நிறுத்தியதும் மேலேறும் குழாயில் நின்ற நீர் முழுவதும் வாட்டர்லாக்குக்குள் திரும்பி விழுகிறது. அந்த நீர் முழுவதையும் ஏந்தும் கொள்ளளவு வாட்டர்லாக்குக்கு இல்லையென்றால் மிச்சம் எஞ்சினை நோக்கிப் போகும். குழாயின் நீளத்தையும் உள்விட்டத்தையும் வைத்து அதைக் கணக்கிட்ட பிறகே வாட்டர்லாக் வாங்குங்கள்.

குழாய்க்கு, புகையும் கடல்நீரும் தாங்குவதற்கென்றே செய்யப்பட்ட கம்பி பின்னிய ரப்பர் ஹோஸையே பயன்படுத்த வேண்டும். ஒவ்வொரு முனையிலும் இரண்டு கிளாம்புகள் போடுங்கள். ஒன்று துருவேறி அறுந்தாலும் மற்றொன்று பிடித்திருக்கும்.

கடல்நீர் கலக்காமல் மேல்தளத்துக்கு மேல் புகையை விடும் உலர் புகைக்குழாய் போடுபவர்களுக்கு வேறு மூன்று கவலைகள் உண்டு. எஞ்சினுக்கும் குழாய்க்கும் இடையே உலோக வளைதுண்டு இல்லையென்றால் அதிர்வில் குழாய் வெடிக்கும். குழாயின் தாழ்ந்த இடத்தில் வடிகால் இல்லையென்றால் மழைநீரும் ஆவிநீரும் எஞ்சினுக்குள் இறங்கும். சூட்டைத் தடுக்கும் உறை இல்லையென்றால் மரமோ ஃபைபரோ பற்றும். சர்வதேசக் கடல்பாதுகாப்பு விதியான சோலாஸ், கப்பல்களில் எண்ணெய் தெறிக்க வாய்ப்புள்ள இடத்தில் 220 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறும் பரப்பை மூடச் சொல்கிறது. உங்கள் படகுக்கு அந்த விதி பொருந்தாவிட்டாலும் அந்த அளவு நல்ல அளவே. பழைய அஸ்பெஸ்டாஸ் கயிற்றைச் சுற்றாதீர்கள். கண்ணாடி இழைத் துணி போதும்.

4. கடல்நீர் வழி

ஜெனரேட்டருக்குத் தனித் துளையும் தனி வால்வும் வேண்டும். முதன்மை எஞ்சினின் குழாயிலிருந்து கிளை எடுத்தால், முதன்மை எஞ்சின் ஓடும்போது அது ஜெனரேட்டரின் நீரை இழுத்துக்கொள்ளும். வடிகட்டி அடைத்தால் இரண்டும் சேர்ந்து நிற்கும்.

துளையின் வெளிப்பக்கத்தில் வாய் முன்னோக்கித் திறந்த சல்லடை மூடியைப் பொருத்துவது நான் அடிக்கடி காணும் தவறு. படகு வேகமாக ஓடும்போது, நின்றிருக்கும் ஜெனரேட்டருக்குள் கடல்நீர் அழுத்தத்தோடு தள்ளப்பட்டு, பம்பைத் தாண்டி, வாட்டர்லாக்கை நிரப்பி, புகைக்குழாய் வழியாகச் சிலிண்டரை எட்டும். தட்டையான துளைமூடியே போதும்.

வரிசை இதுதான்: வெளித்துளை, வால்வு, வடிகட்டி, நீர் பம்ப், வெப்பமாற்றி, அதன் பின் புகையோடு கலக்கும் எல்போ. வடிகட்டியைத் திறந்து கழுவ ஒரு கை தாராளமாக நுழையும் இடம் விடுங்கள். எட்டாத இடத்திலுள்ள வடிகட்டியை யாரும் கழுவுவதில்லை.

இனி, இந்த வேலை முழுவதிலும் மிக முக்கியமான இடம். டேங்கில் ஹோஸ் விட்டு வாயால் ஒருமுறை உறிஞ்சி டீசல் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டம் தொடங்கிவிட்டால் அதன்பின் யாரும் உறிஞ்ச வேண்டியதில்லை, தாழ்ந்த இடத்துக்குத் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். நீர் கலக்கும் எல்போ கடல் மட்டத்துக்குக் கீழே இருந்தால், ஜெனரேட்டரை நிறுத்திய பிறகும் கடல் இதே முறையில் எல்போ வழியாக உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். அது வாட்டர்லாக்கை நிரப்பிவிட்டு எஞ்சினுக்குள் ஏறும்.

எனவே எல்போவில் நீர் கலக்கும் இடம் சுமைக்கோட்டுக்கு மேலே 150 மி.மீ. உயரத்தில் இல்லையென்றால், வெப்பமாற்றிக்கும் எல்போவுக்கும் இடையே நீர்க்குழாயை மேலே கொண்டுபோய், கவிழ்த்த ‘ப’ வடிவில் வளைத்து இறக்க வேண்டும். வளைவின் உச்சி சுமைக்கோட்டுக்கு மேல் 300 மி.மீ. உயரத்திலாவது இருக்க வேண்டும். உச்சியில் காற்றை உள்ளே விடும் சிறு வால்வு இருக்க வேண்டும், எந்திரம் நின்றதும் அது காற்றை உள்ளே விட்டு நீர்த்தொடரை அறுத்துவிடும். வளைவைப் படகின் நடுக்கோட்டுக்கு அருகில் வையுங்கள். பக்கச்சுவரில் வைத்தால், அந்தப் பக்கம் படகு சாயும்போது உச்சியே கடல் மட்டத்துக்குத் தாழ்ந்துவிடும்.

வளைவு இருந்தும் வால்வு இல்லாத படகு ஒன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் பார்த்தேன். பொருத்தியவர் சரியான உயரத்தில் குழாயை வளைத்திருந்தார், ஆனால் வால்வில் நீர் கசிகிறது என்று அதைக் கழற்றி, நூல் சுற்றிய போல்ட் ஒன்றை முடுக்கி அடைத்துவிட்டார். என்னைக் கூப்பிட்டபோது எஞ்சின் சுற்றவில்லை. ஆயில் அளவுக்குச்சியை உருவினேன். பால் ஊற்றிய தேநீரின் நிறத்தில், குச்சியின் பாதிக்கு மேல் ஏறி ஒட்டியிருந்தது ஆயில். அந்த எஞ்சினைப் பிரித்தபோது சிலிண்டர் சுவரில் துரு வட்டம் விழுந்திருந்தது. கசிந்த வால்வில் உப்புப் படிந்திருந்ததுதான் குறை. நன்னீரில் கழுவினால் போயிருக்கும்.

இன்னொரு பிழையும் எஞ்சினுக்குள் நீரை ஏற்றும். எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால், சுற்றும் ஒவ்வொரு முறையும் பம்ப் நீரை அனுப்பும். நீரை வெளியே தள்ளப் புகையின் அழுத்தம் இருக்காது. பத்து நொடிக்கு மேல் ஒருமுறை அடிக்கக் கூடாது. மூன்று முறை அடித்தும் பிடிக்கவில்லையென்றால் கடல்வால்வை மூடிவிட்டு, வாட்டர்லாக்கின் அடியிலுள்ள வடிகாலைத் திறந்து நீரை இறக்கிய பிறகே மீண்டும் முயல வேண்டும். எஞ்சின் பிடித்த உடனே வால்வைத் திறக்க மறக்கக் கூடாது. பம்புக்குள் நீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர், நீரின்றி ஓடினால் மிகக் குறைந்த நேரத்திலேயே கருகிக் கிழியும்.

5. எந்திரத்தின் இடமும் படுக்கையும்

இரண்டு வழிகளையும் வரைந்த பிறகு எந்திரத்துக்கான இடம் பெரும்பாலும் ஒன்றிரண்டாகச் சுருங்கிவிடும். அவற்றுள் படகின் நடுக்கோட்டுக்கு நெருக்கமானதையும், அடிநீர் ஏறினாலும் நனையாத உயரமுள்ளதையும் தேர்ந்தெடுங்கள். எடை ஒரு பக்கம் ஏறினால் படகு அந்தப் பக்கமே சாய்ந்து நிற்கும். மேல்தளத்தில் வைத்தால் படகின் நிலைப்பாடு குறையும்; உப்புத் தெறிப்பு, மின்சாரம் உண்டாக்கும் பகுதியான ஆல்டர்னேட்டரைத் தின்றுவிடும்.

ஆயில் குச்சி, ஃபில்டர்கள், இம்பெல்லர் மூடி ஆகிய மூன்றையும் எந்திரத்தை நகர்த்தாமல் எட்ட முடிகிறதா என்று, இறுதியாக முடுக்கும் முன் கையால் தொட்டுப் பாருங்கள்.

படுக்கைக் கட்டைகள் வங்குகளின் (படகின் விலா எலும்பு போன்ற சட்டங்கள்) மீது குறுக்கே தாங்கி நிற்க வேண்டும். வெறும் பலகையின் மீதோ ஃபைபர் தோலின் மீதோ போல்ட் போட்டால் அதிர்வு முழுவதும் அந்த இடத்தில் இறங்கி வெடிப்பு விழும். கட்டைக்கும் எந்திரத்துக்கும் இடையே ரப்பர் மவுண்டிங் கட்டாயம். எந்திரம் ரப்பரில் ஆடும் என்பதால் அதை வந்து சேரும் புகை, நீர், டீசல், மின்சாரம், எர்த் ஆகிய ஐந்துமே வளையும் துண்டோடு முடிய வேண்டும். ஒன்றே ஒன்று விறைப்பாக இருந்தாலும் அதுதான் முதலில் முறியும். எந்திரத்தின் அடியில் ஆயில் சொட்டும் தட்டு ஒன்றையும் வையுங்கள்.

6. காற்று

ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு வீச்சு எஞ்சின் 1,500 சுற்றில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 750 லிட்டர் காற்றைச் சுவாசிக்கும். இது எரிவதற்கு மட்டும். சூட்டை வெளியேற்ற இன்னும் பல மடங்கு வேண்டும். புதிய காற்று தாழ்வாக நுழைந்து, சூடான காற்று எதிர்ப்பக்கத்தில் உயரமாக வெளியேற வழி விடுங்கள். முதன்மை எஞ்சினும் ஜெனரேட்டரும் சேர்ந்து ஓடும்போது எஞ்சின் அறைக் கதவை மூடித் திறந்து பாருங்கள். கதவு உள்நோக்கி இழுபட்டால் காற்று வாய் போதவில்லை என்று பொருள்.

7. டீசல்

டேங்கிலிருந்து ஜெனரேட்டருக்குத் தனிக் குழாய் எடுங்கள். அதன் உறிஞ்சுமுனை முதன்மை எஞ்சினின் முனையைவிடச் சற்று உயரத்தில் முடியட்டும். டீசல் தீரும் நிலை வந்தால் முதலில் ஜெனரேட்டர்தான் நிற்கும். கரை சேர எஞ்சினுக்கு மிச்சம் இருக்கும்.

ஜி.ஐ. பைப்பை டீசலுக்குப் போடாதீர்கள். அதன் துத்தநாகப் பூச்சு டீசலோடு வினைபுரிந்து உதிர்ந்து ஃபில்டரையும் நாசிலையும் அடைக்கும். நெருப்பைத் தாங்கும் தரச்சான்று உள்ள ஹோஸையும், நீர் பிரிக்கும் ஃபில்டரையும் பொருத்தி, டேங்க் முனையில் ஒரு மூடுவால்வு வையுங்கள். அந்த வால்வை எஞ்சின் அறைக்கு வெளியிலிருந்தே மூட முடிய வேண்டும். தீப்பிடித்த அறைக்குள் யாரும் நுழைய முடியாது. திரும்பிவரும் டீசல், எடுத்த டேங்குக்கே போக வேண்டும்.

8. ஸ்டார்ட்டர் பேட்டரி

ஜெனரேட்டருக்குத் தனி பேட்டரி வையுங்கள். முதன்மை எஞ்சினின் பேட்டரி இறந்த நாளில் இதுதான் உயிர் கொடுக்கும். பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியேறும் என்பதால் காற்றோட்டமுள்ள பெட்டியில், புரளாமல் கட்டி வைத்து, அருகிலேயே துண்டிப்புச் சுவிட்ச் போடுங்கள். செல்ஃப் மோட்டாருக்கு 35 முதல் 50 சதுர மி.மீ. வரை தடிமனுள்ள கேபிள் வேண்டும்.

9. 230 வோல்ட் இணைப்பு

5 கே.வி.ஏ.யை 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 22 ஆம்பியர். ஜெனரேட்டரின் வெளியீட்டில், மின்னோட்டம் மிகுந்தால் துண்டிக்கும் 20 ஆம்பியர் இருதுருவ எம்.சி.பி.யும், அதை அடுத்து, மின்சாரம் கசிந்தால் விழுந்து துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் போடுங்கள். 4 சதுர மி.மீ. கேபிள் கணக்குக்குப் போதும். சூடான எஞ்சின் அறை வழியாகப் போவதால் நான் 6 சதுர மி.மீ. போடுகிறேன். வெள்ளீயம் பூசிய பல இழைச் செம்புக் கேபிளாக இருக்கட்டும். வீட்டு வயரிங் கேபிள் உப்புக் காற்றில் உள்ளேயே கறுத்துவிடும். லக்குகளை ஈயம் வைத்துப் பற்றவைக்காமல் கிரிம்ப் செய்யுங்கள். பற்றவைத்த இடத்தில் கேபிள் விறைத்து அதிர்வில் முறியும்.

கரை மின்சாரமும் ஜெனரேட்டரும் ஒருபோதும் ஒன்றையொன்று சந்திக்கக் கூடாது. ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாற்றும், நடுவில் ‘பூஜ்யம்’ நிலை உள்ள சேஞ்ச் ஓவர் சுவிட்ச் மட்டுமே இதற்கு வழி. இரண்டு முனையிலும் பிளக் உள்ள வயரைச் செய்து, படகிலுள்ள ஏதோ ஒரு பிளக் பாயிண்டில் செருகி ஜெனரேட்டர் மின்சாரம் ஏற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். செருகாத முனையின் உலோகக் காலில் 230 வோல்ட் இருக்கும். கரைக்கு ஏறினால், அங்கே மின்சாரம் நின்றுவிட்டது என்று நம்பி வேலை செய்பவரைத் தாக்கும்.

எர்த் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பல சிறிய ஜெனரேட்டர்களில் நியூட்ரல் எதனோடும் இணைக்கப்படாமல் தனித்து நிற்கும். அப்படி இருந்தால், ஒரு கருவியின் உடம்பில் மின்சாரம் கசிந்தாலும் திரும்பிவரப் பாதை இல்லாததால் ஆர்.சி.சி.பி. விழாது. எனவே ஜெனரேட்டரிலேயே, ஓரிடத்தில் மட்டும், ஆர்.சி.சி.பி.க்கு முன்னால், நியூட்ரலை அதன் உலோகச் சட்டத்தோடு இணைக்க வேண்டும். சட்டத்தைப் படகின் பொது எர்த்தோடு இணைக்க வேண்டும். இரும்புப் படகில் பொது எர்த் உடலே. மரப்படகிலும் ஃபைபர் படகிலும் நீருக்குள் இருக்கும் செம்புத் தகடு. இரும்புப் படகில் உடலை எர்த்தாகக் கொள்ளலாமே தவிர, நியூட்ரல் வயருக்குப் பதிலாக அதை மின்சாரம் சுமக்க விடக் கூடாது.

கரை மின்சாரத்துக்கு மாறும்போது இந்த நியூட்ரல் இணைப்பு விலகியிருக்க வேண்டும். மேலே சொன்ன இருதுருவ சேஞ்ச் ஓவர் அதைத் தானே செய்துவிடும். ஒருதுருவ சுவிட்ச் செய்யாது.

ஆர்.சி.சி.பி.யின் ‘டெஸ்ட்’ பொத்தானை அழுத்தினால் விழுகிறது, ஆகவே எல்லாம் சரி என்று எண்ணுவது புதியவர்கள் அனைவரும் செய்யும் பிழை. அந்தப் பொத்தான் ஃபேசுக்கும் நியூட்ரலுக்கும் இடையேதான் வேலை செய்கிறது. எர்த் இணைப்பே இல்லாவிட்டாலும் விழும். மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள்: ஃபேசுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறத்தாழ பூஜ்யம். இரண்டுமே பாதிப் பாதியாகக் காட்டினால் நியூட்ரல் இன்னும் தனித்தே நிற்கிறது.

கருவிகளைக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டரின் முனைகளையும் பிரித்துவைத்துவிட்டு, 500 வோல்ட் மெகரால் வயரிங்கைச் சோதியுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டும் சுற்றுக்கு மின்சாரம் கொடுக்க வேண்டாம்.

10. நச்சுப்புகையும் தீயும்

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். டீசல் எஞ்சின் அதைக் குறைவாகவே வெளியிடும் என்றாலும், மூடிய அறைக்குள் இரவு முழுவதும் கசிந்தால் குறைவு என்பது காப்பாற்றாது.

தங்கும் அறையின் காற்று எஞ்சின் அறையோடு எங்கெல்லாம் பேசுகிறது என்று தேடுங்கள். கேபிள் போகும் துளை, ஸ்டியரிங் குழாயின் துளை, தரைப்பலகையின் இடுக்கு ஆகிய ஒவ்வொன்றையும் தீயணைப்பு சீலன்ட்டால் அடைக்க வேண்டும். அறைக்குள், படுத்திருப்பவரின் தலை மட்டத்தில், பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை வையுங்கள். எஞ்சின் அறையில் வைப்பதால் பயன் இல்லை.

ஒரு படகில் மூன்று பேருக்குத் தொடர்ந்து இரண்டு இரவு தலைவலியும் வாந்தியும் இருந்திருக்கின்றன. மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணியிருக்கிறார்கள். மூவருக்கும் பகலில் மேல்தளத்துக்கு வந்ததும் சரியாகிவிடும் என்று ஒருவர் சொன்ன பிறகே எனக்குச் சந்தேகம் வந்தது. டார்ச்சோடு எஞ்சின் அறைக்குள் இறங்கிப் பார்த்தேன். புகை எல்போவின் கேஸ்கட் அருகே, வெள்ளை உறைத்துணியின் மீது, கண்ணுக்கு மை தீட்டியது போல விரல் நீளத்துக்கு ஒரு கரிக்கோடு. அவ்வளவு சிறிய கசிவுதான். அன்றிலிருந்து புகை இணைப்புகளுக்கு வெள்ளைத் துணியையே சுற்றுகிறேன். கறுப்புத் துணியில் அந்தக் கோடு தெரிந்திருக்காது.

தீயணைப்பானை எஞ்சின் அறை வாசலுக்கு வெளியே மாட்டுங்கள். உலர்தூள் அல்லது கார்பன் டை ஆக்சைடு வகையாக இருக்கட்டும். டீசல் வால்வையும் காற்று வாய்களையும் மூடிய பிறகே அது முழுமையாக வேலை செய்யும் என்பதை ஆட்களுக்குச் சொல்லிக் காட்டுங்கள்.

11. முதல் ஓட்டம்

படகு நீரில் இறங்கியதும், ஜெனரேட்டரைத் தொடும் முன் அரைமணி நேரம் கடல்வால்வைத் திறந்து வைத்து, ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிக் கசிவு பாருங்கள்.

வடிகட்டியில் நீர் நிரப்பி, டீசல் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றி, எல்லாச் சுமைகளையும் துண்டித்த நிலையில் ஸ்டார்ட் செய்யுங்கள். அரை நிமிடத்துக்குள் வெளித்துளையில் புகையோடு நீர் வர வேண்டும். வரவில்லையென்றால் உடனே நிறுத்துங்கள்.

ஐந்து நிமிடம் சுமையின்றி ஓடிய பிறகு வோல்ட்டேஜையும் ஹெர்ட்ஸையும் பாருங்கள். சுமையின்றி 52 ஹெர்ட்ஸ் வரை இருப்பது இயல்பு. சுமை ஏற ஏற 50க்கு வர வேண்டும். கால், அரை, முக்கால் எனச் சுமையை ஏற்றி, ஒவ்வொரு நிலையிலும் அரைமணி ஓட்டி, கேபிள் முனைகள் சூடேறுகின்றனவா என்று இன்ஃப்ராரெட் வெப்பமானியால் பாருங்கள். நிறுத்தும் முன் மூன்று நிமிடமாவது சுமையின்றி ஓட விடுங்கள்.

பிறகு வருவதே பலர் விட்டுவிடும் சோதனை. கடல்வால்வைத் திறந்தே வைத்துவிட்டு, நின்ற எந்திரத்தை இரண்டு மணி நேரம் அப்படியே விடுங்கள். வாட்டர்லாக்கில் நீர் மட்டம் ஏறுகிறதா, ஆயிலின் நிறமும் அளவும் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள். இதைச் சுமையேறிய படகில் மறுபடியும் ஒருமுறை செய்ய வேண்டும்.

கடைசியாக ஓர் இரவு ஓட்டம். தங்கும் அறைக் கதவையும் சன்னல்களையும் மூடி, உள்ளே யாரும் தூங்காமல், அலாரத்தை மட்டும் வைத்து எட்டு மணி நேரம் ஓட்டுங்கள். முதலில் முதன்மை எஞ்சினை நிறுத்தியும், அடுத்து அதையும் ஓடவிட்டும் பாருங்கள். இரண்டின் காற்றிழுப்பும் சேரும்போதுதான் சில கசிவுகள் வெளிப்படும்.

12. முதல் பயணம் முடிந்து திரும்பியதும்

எல்லா ஹோஸ் கிளாம்புகளையும் மவுண்டிங் போல்ட்டுகளையும் மறுபடி முடுக்குங்கள், ஏனென்றால் ரப்பர் முதல் ஓட்டங்களில் படிந்து தளரும். கேபிள் முனைகளின் திருகுகளையும், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் பாருங்கள். வெள்ளைத் துணியில் கரிக்கோடு இருக்கிறதா என்று டார்ச் அடியுங்கள். ‘ப’ வளைவின் வால்வைக் கழற்றி நன்னீரில் கழுவுங்கள். வெப்பமாற்றியை அரிப்பிலிருந்து காக்கும் துத்தநாகத் துண்டு பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றுங்கள்.

இம்பெல்லர் இரண்டு, அதன் கேஸ்கட், டீசல் ஃபில்டர், எல்போ கேஸ்கட், நான்கு கிளாம்புகள் ஆகியவற்றை நீர் புகாத டப்பாவில் போட்டு, எந்திரத்துக்கு அருகிலேயே மாட்டி வையுங்கள். டப்பாவின் மூடியில், மூன்று முறை செல்ஃப் அடித்தும் பிடிக்கவில்லையென்றால் கடல்வால்வை மூட வேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் பெயிண்டால் எழுதிவிடுங்கள்.